செவ்வந்திக்கு அம்மை வார்த்த வருஷம்

கீழப்பட்டி
பவ வருஷம், ஆவணி 22

மாமாவுக்கு ஒச்சாயி எழுதுறது.

உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுக்கப்புறம் நான் எழுதுற மொதக் காயிதம் இது. எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். சர்க்காரு ரேகைச் சட்டம் போட்டதுல இருந்து நம்ம ஊர் ஆம்பளைக அம்புட்டுப் பேரும் பொழுது சாய்ஞ்சா கைரேகை வச்சுட்டுப் போலீஸ் கொட்டகையிலதான் படுக்கணும், வெளியூர்ல தங்கணும்னா சீட்டு வாங்கணும்ங்கிறது உங்களுக்குத் தெரியாததா? சீட்டு வாங்கிக்கிட்டுப் போங்கன்னு வாசல்ல நின்னு சொன்னேன். மேலூருக்குச் செவ்வந்திக் கன்னு வாங்கப் போறவனுக்கு எதுக்குச் சீட்டு, நான் என்ன களவாங்கவா போறேன்னு கேட்டீங்க. கன்னுக நம்ம வண்டிக்கார அழகுமலை வண்டியில வீடு வந்து சேர்ந்துச்சு. நீங்க சீட்டு இல்லாம பிடிபட்டுத் திருச்சினாப்பள்ளி ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தீங்க.

கோபம் போயிருச்சுன்னு நினைக்க வேணாம். செடிக்கு நோவு கண்டிருக்கு, அதனால எழுதுறேன்.

நீங்க மேலூர் போறதுக்கு முன்னால, ஆனி மாசம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து நட்ட செவ்வந்தி இடுப்பு உயரத்துக்கு வந்து புதரா நின்னுச்சு. போன வாரம் பார்த்தா இலையில கறுப்புப் பொட்டு. மொதல்ல மிளகாட்டம் இருக்கு, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இலையே கருகிப் போகுது. கருகின இலை உதிரவும் மாட்டேங்குது. கருவாடு மாதிரி தண்டோட ஒட்டித் தொங்குது.

அத்தை பார்த்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. செடிக்கு அம்மை வார்த்திருக்காம். தெனமும் மஞ்சத்தண்ணியில வேப்பங்குழையை முக்கிச் செடி தலையோட தெளிக்குது. மாரியாத்தா எறங்கியிருக்கிற செடியில கத்தி படக்கூடாது, இலையைக் கிள்ளக்கூடாதுன்னு ஊருக்கே சொல்லிருச்சு. உங்களுக்கு மச்சான் முறை ஆகுற சிவனாண்டி அண்ணனும் வந்து பார்த்தாரு. ஆத்தாளைச் சீண்டினா அம்மை செடியோட நிக்காது, புள்ளைகுட்டிக மேல எறங்கும்ங்கிறாரு. பொம்பளையா இருந்துக்கிட்டு எதையும் செஞ்சு வைக்காதேன்னு சொல்லிட்டுப் போறாரு.

தெளிக்கத் தெளிக்கப் பொட்டு கூடுது மாமா. இதை யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை. ஜெயில்ல இருக்கிற உங்களுக்கு மட்டும் என்ன தெரியப்போகுது. ஆனாலும் எழுதிட்டேன்.

ஒச்சாயி


மத்திய சிறை, திருச்சினாப்பள்ளி
1934 செப்டம்பர் 16

ஒச்சாயிக்கு மலையாண்டி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் ஆபீசில் படித்துப் பார்ப்பார்கள். அதனால் எழுத வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

என்னைத் தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். நீ நம்ப மாட்டாய், இங்கேயும் செவ்வந்திதான். ஜெயில் துரை பங்களாவுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் தொட்டிகளில் வைத்திருக்கிறோம். சீமைச் செவ்வந்தி. பூத்தால் ஒரு பூ சோற்றுத் தட்டு அகலம் இருக்கும் என்கிறார்கள். இன்னும் மொட்டு வைக்கவில்லை.

தோட்டத்தில் காளை என்று ஒரு மூத்த கைதி இருக்கிறார். ஆயுள் தண்டனை. அதிகம் பேச மாட்டார். உன் கடிதத்தில் செடியைப் பற்றி இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார். பொட்டு அடி இலையில் தொடங்கி மேலே ஏறுகிறதா, அல்லது கொழுந்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறதா? கருகின இடத்துக்குள்ளே ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா? பார்த்து எழுது. அது தெரிந்தால்தான் மருந்து சொல்ல முடியும் என்கிறார்.

அதுவரைக்கும் செடியின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம். என் ஆத்தாவிடம் எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் ஒன்று உண்டு. மதுரையில் விசாரணைக்கு வைத்திருந்தபோது ஆத்தா வந்தாள். அழகுமலைகூட வந்தான். நீ வரவில்லை.

மலையாண்டி


கீழப்பட்டி
பவ வருஷம், புரட்டாசி 14

மாமாவுக்கு ஒச்சாயி எழுதுறது.

நான் ஏன் வரலைன்னு கேட்டிருக்கீங்க. கைவிலங்கோட உங்களைப் பார்க்க எனக்கு ஏலாது. அம்புட்டுத்தான்.

காளை அண்ணன் கேட்டதுக்குப் பதில். பொட்டு அடி இலையிலதான் தொடங்குது. படி ஏறுற மாதிரி ஒவ்வொரு இலையா மேல ஏறுது. ஊசிமுனைப் புள்ளி இருக்கான்னு பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. வெயில்ல பிடிச்சுப் பார்த்தும் பிடிபடலை. அப்பத்தான் ஞானமுத்து வாத்தியார் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துல எனக்கு மூணாம் வகுப்பு வரைக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரு. இப்பப் பசுமலைப் பெரிய பள்ளிக்கூடத்துல வேலையா இருக்காரு. நோவு கண்ட இலையை வாழைச்சருகுல சுத்தி எடுத்துக்கிட்டு, நாகமலையைச் சுத்திக்கிட்டு நடந்தே போயிட்டேன்.

மாமா, அங்க நான் பார்த்ததை எப்படி எழுதுறதுன்னு தெரியலை. எழுதிப் பார்க்குறேன்.

வாத்தியாரு சின்னதைப் பெருசாக் காட்டுற ஒரு கண்ணாடி வச்சிருக்காரு. பித்தளைக் குழாய் நட்டமா நிக்குது, மேல ஒரு ஓட்டை. இலையில கருகின இடத்துல நகத்துண்டு அளவு சீவி, ஒரு சொட்டுத் தண்ணி விட்டு, குழாய்க்கு அடியில வச்சாரு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு மறு கண்ணால பாருன்னாரு. மொதல்ல வெறும் வெளிச்சம்தான். அவரு பக்கத்துல இருந்த திருகை மெல்லத் திருகவும் வெளிச்சத்துக்குள்ள இருந்து எழும்பி வந்துச்சு.

பானை, மாமா. கறுத்த பானைக. இலைக்குள்ள பாதி புதைஞ்சு, வாய் மட்டும் வெளிய தெரியுது. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், அந்தத் தண்ணி பட்டதும் ஒரு பானை வாயில இருந்து நூல் மாதிரி ஒண்ணு நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய வருது. சேவை பிழிஞ்சா வர்ற மாதிரி. வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல அந்த நூலு தண்ணியில கரைஞ்சு பிரியுது. பிரிஞ்சா ஒவ்வொண்ணும் ஒரு ஊசி. எண்ணிக்கையே கிடையாது. ஒரு பொட்டுக்குள்ள எத்தனை பானையோ, ஒரு பானைக்குள்ள எத்தனை ஊசியோ.

பயம்னு சொல்ல முடியாது, சந்தோசமும் இல்லை. கோயில்ல தெரை விலகுறப்ப நெஞ்சு ஒரு மாதிரி ஆகுமில்ல, அது மாதிரி இருந்துச்சு. நம்ம வயல்ல நம்ம காலடியில இப்படி ஒரு ஒலகம் நடந்துக்கிட்டு இருந்திருக்கு, நமக்குத் தெரியலையே.

வாத்தியாரும் பார்த்துட்டுச் சொன்னாரு, இது பூஞ்சணத்துல ஒரு வகை, செடிமேல முளைக்கிற செடி, அந்த ஊசிதான் இதுக்கு விதை. தண்ணி பட்டாத்தான் பானை வாயைத் திறக்கும். மேல விழுற தண்ணி தெறிக்கிறப்ப அடி இலையில இருக்கிற விதை அடுத்த இலைக்கு ஏறிக்கும். மருந்து என்னன்னு கேட்டேன். தனக்குத் தெரியாதுன்னாரு.

மஞ்சத்தண்ணி தெளிக்கிறதை நிறுத்தச் சொல்லிட்டேன். அத்தை என்கூடப் பேசி நாளாச்சு. காளை அண்ணன்கிட்டக் கேட்டு வெரசா எழுதுங்க. ஐப்பசி மழை வந்துட்டா வானமே செடி தலையில தண்ணி ஊத்தும்.

ஒச்சாயி


மத்திய சிறை, திருச்சினாப்பள்ளி
1934 அக்டோபர் 9

ஒச்சாயிக்கு.

உன் கடிதத்தை ஆபீசில் படித்த குமாஸ்தா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். இதிலே எழுதியிருக்கிற பானையும் ஊசியும் மெய்தானா என்று கேட்டார். என் சம்சாரம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றேன். கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

சாயங்காலம் தொட்டிச் செடி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அடி இலையைப் புரட்டிப் பார்த்தேன். பொட்டு இருந்தது. பத்து வயதில் ஏர் பிடித்தவன் நான். இத்தனை காலம் இலையைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

இனி மருந்து. விவசாய இலாகா அச்சடித்த ஒரு தாளைப் பார்த்துத் துரை சொல்லச் சொல்ல, காளையும் நானும் போன வாரம் கலக்கினோம். கவனமாகக் கேள்.

முதலில் நோவு கண்ட அடி இலைகளைக் கிள்ளி எடு. செடி ஈரமாக இருக்கும்போது தொடாதே, வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு கிள்ளு. கீழே போடாமல் கூடையில் வாங்கி, ஒன்று விடாமல் எரித்துவிடு. நெருக்கமாக நிற்கும் இடத்தில் செடியைக் கலைத்துக் காற்றோட விடு. மண்ணின்மேல் வைக்கோல் பரப்பு, மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்காது. பாய்ச்சலை வாய்க்காலோடு நிறுத்து.

அப்புறம் மயில்துத்தம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதைத் துணியில் முடிந்து, மண்பானைத் தண்ணீரில் தொங்கவிடு. தானாகக் கரையும். இரும்புச் சட்டி கூடாது. துத்தம் எவ்வளவோ அவ்வளவு எடை கல்சுண்ணாம்பை இன்னொரு பானையில் நீர்த்து, துணியில் வடிகட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பானையில் ஊற்று. ஊற்றும்போது பார். பச்சை நீலமும் வெள்ளையும் சேர்ந்து, மழை விட்ட வானத்தின் நிறத்தில் ஒரு பால் திரண்டு வரும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் தண்டனைக் கைதிகள், ஒச்சாயி. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடு. வெள்ளை வெளேரென்று வந்தால் சரி. இரும்பின்மேல் செம்பு படிந்து சிவந்து வந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இலையைச் சுட்டுவிடும். இன்னும் சுண்ணாம்பு சேர். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். இலைக்கு மேலும் அடியிலும் பனி படிந்த மாதிரி படிய வேண்டும். அது கருகின இலையைப் பச்சையாக்காது. நல்ல இலையில் விதை முளைக்காமல் காக்கும். மழைக்கு முன்னால் செய்தால்தான் பலன். மொட்டு நிறம் காட்டினால் நிறுத்திவிடு.

இன்னும் ஒன்று. இந்த நோவு பெரும்பாலும் வேர்க்கன்றோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வரும் என்று காளை சொன்னார். நான் மேலூரில் வாங்கி அனுப்பிய கன்றுகளை எந்தப் பாத்தியில் நட்டாய்? உன்னுடைய இரண்டு கடிதத்திலும் அது இல்லை. நோவு எந்தப் பாத்தியில் தொடங்கியது என்றும் இல்லை.

மறைக்காமல் எழுது.

மலையாண்டி


கீழப்பட்டி
பவ வருஷம், ஐப்பசி 9

மாமாவுக்கு.

கிணத்தடிப் பாத்தியில நட்டேன். நோவும் அங்கதான் தொடங்குச்சு. அந்தக் கன்னோட வந்த நோவுதான்னு பசுமலையில இருந்து நடந்து வர்றப்பவே எனக்கு வெளங்கிருச்சு. அந்தக் கன்னுக்காகத்தான் நீங்க ஜெயிலுக்குப் போனீங்க. அதை எப்படி எழுதுவேன். நான் எழுதாட்டியும் நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. கன்னு வித்தவனுக்கும் தெரியாது, வாங்கின உங்களுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத விதையை யாரு பார்த்து வாங்க முடியும். இதை மனசுல போட்டு உழப்பாதீங்க.

இப்ப நடந்ததைச் சொல்றேன்.

உங்க காயிதத்தை அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். தெளிக்கக்கூடாதுன்னு நான் சொன்னா அது மருமக பேச்சு. நீங்க எழுதினதும் கொஞ்சம் அசைஞ்சுச்சு. ஆனா இலையைக் கிள்ளி எரிக்கணும்னு வந்த இடத்துல எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

மறுநாள் வெயில் ஏறினதும் நான் கூடையோட வயலுக்குப் போனேன். செடிகிட்ட உட்கார்ந்துட்டேனே தவிர கை நீளலை. கண்ணாடியில அந்தப் பானைகளைப் பார்த்தவதான் நான். ஆனாலும் ஆத்தாளை வேண்டாதவ இல்லையே. பின்னால சத்தம் கேட்டுத் திரும்பினா அத்தை. வரப்புல சூடம் கொளுத்தி வச்சு, விழுந்து கும்பிட்டுட்டு வந்து என்னைய நகரச் சொல்லுச்சு.

"மாரியாத்தா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ. நீ வாழணும்."

மொத இலையை அத்தைதான் கிள்ளுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பாத்தி பாத்தியா கிள்ளிக்கிட்டே போனோம். கிணத்தடிப் பாத்தியில கிள்ளுறதுக்கு நல்ல இலையே இல்லை. அதை வேரோட பிடுங்கிட்டோம். எல்லாத்தையும் குவிச்சுத் தீ வச்சோம்.

பொகையைப் பார்த்துச் சிவனாண்டி அண்ணன் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஊரைக் கெடுக்க வந்தவன்னு என்னையச் சத்தம் போட்டாரு. அத்தை தீக்கு முன்னால போய் நின்னுக்கிட்டு, கிள்ளினது நானு, கேக்குறதை என்கிட்டக் கேளுன்னுச்சு. பெரியவளை எதுத்துப் பேச முடியாம அவரு வரப்புலயே நின்னுட்டாரு. போகவும் இல்லை.

அவரு நிக்கிறப்பவே நான் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கினேன். நீங்க எழுதின மாதிரியே வானம் திரண்டு வந்துச்சு. அத்தை எட்டிப் பார்த்துட்டு மயில் கழுத்துன்னு மட்டும் சொல்லுச்சு. அரிவாளைத் தீட்டி முக்கி எடுத்தேன். சிவந்து வந்துச்சு மாமா. வெள்ளை இரும்பு, பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே செம்பாகி நிக்குது. வந்தவங்க ரெண்டடி பின்னால போயிட்டாங்க. நான் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கி, அரிவாளைச் சாம்பல்ல தேய்ச்சு மறுபடி முக்கினேன். வெள்ளையாவே வந்துச்சு.

சிவனாண்டி அண்ணன் பக்கத்துல வந்து அரிவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. இது எந்தச் சாமி காரியம்னு மெதுவாக் கேட்டாரு. தெரியலைண்ணே, மாமா எழுதினதைத்தான் செய்யுறேன்னு உள்ளதைச் சொன்னேன்.

வேப்பங்குழையால தெளிச்சுப் பார்த்தேன். மேல படுது, இலைக்கு அடியில படலை. இதையும் நின்னு பார்த்துட்டு அவரு போயிட்டாரு. அம்புட்டுத்தான்னு நினைச்சேன். திரும்பி வந்தப்ப அவரு தோள்ல துருத்தி இருந்துச்சு. சித்திரையில அழகர் ஆத்துல எறங்குறப்ப விரதம் இருந்து தண்ணி பீச்சுவாரே, அந்த ஆட்டுத்தோல் துருத்தி. வேற யாரையும் தொட விட மாட்டாரு. அதுல மருந்தை நெறைச்சு, பித்தளைக் குழலைச் செடிக்கு அடியில கொடுத்து மேல பார்த்துப் பீச்சினாரு. இலைக்கு அடியில பனி மாதிரி போய்ப் படிஞ்சுச்சு. சாயங்காலம் ரேகை வைக்கிற நேரம் வர்ற வரைக்கும் அவரேதான் பீச்சினாரு.

ரெண்டு நாள்ல மழை பிடிச்சுக்கிச்சு. இப்பவும் பெஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. கூரையில மழை விழுற சத்தம் கேக்குறப்பல்லாம் அந்தப் பானைக வாயைத் திறக்குறது என் கண்ணுக்குள்ள தெரியுது.

ஒச்சாயி


மத்திய சிறை, திருச்சினாப்பள்ளி
1934 நவம்பர் 11

ஒச்சாயிக்கு.

இங்கேயும் மழைதான். வேலை இல்லாததால் உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். உன் கடிதத்தைக் காளைக்கு வாசித்தேன். ஆத்தா சொன்ன இடம் வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தாய் இருக்கிறாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

இனி காத்திருப்பதைத் தவிர வேறில்லை. மழை ஓய்ந்து வெயில் வந்ததும் இன்னொரு தடவை மருந்து தெளித்துவிடு. புதிதாக வரும் இலையைப் பார். அது சுத்தமாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது. கிணத்தடிப் பாத்தியில் அடுத்த வருஷம் செவ்வந்தி வேண்டாம், கேழ்வரகு போடுவோம். நோவு தாண்டி நிற்கிற செடிகளாகப் பார்த்து நாரால் அடையாளம் கட்டி வை. வேர்க்கன்று அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இனிமேல் வெளியிலிருந்து கன்று வாங்க வேண்டாம்.

கைவிலங்கோடு என்னைப் பார்க்க ஏலாது என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுத எடுத்து, மருந்தைப் பற்றி எழுதி முடித்துவிடுகிறேன். நீ வராதது நல்லதுதான். உன் கண்ணில் நான் செவ்வந்தி நட்டுக்கொண்டு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

தை பிறந்ததும் விடுவார்கள் என்று சொல்கிறார்கள்.

மலையாண்டி


கீழப்பட்டி
பவ வருஷம், மார்கழி 18

மாமாவுக்கு ஒச்சாயி எழுதுறது.

மழை ஓய்ஞ்சு மறு மருந்தும் அடிச்சோம். அதுக்கப்புறம் வந்த கொழுந்து சுத்தமா இருந்துச்சு. மேக்கால ரெண்டு பாத்தியில பாதிச் செடி போயிருச்சு, அதை நான் மறைக்கலை. மத்தது நின்னுருச்சு. நீங்க சொன்ன மாதிரி நல்ல செடிகளுக்கு நார் கட்டி வச்சிருக்கேன். மொட்டு மஞ்சளைக் காட்டினதும் மருந்தை நிறுத்திட்டேன்.

முந்தாநாள் வெடியுறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் பூ எடுக்கப் போனேன். ஒரே மூடுபனி. நாகமலை எங்க இருக்குன்னே தெரியலை. கெழக்க வெளுக்க வெளுக்கப் பனி மெல்லத் தரையை விட்டு எழும்புச்சு. அதுக்கு அடியில இருந்து வயலு தெரிஞ்சுச்சு. எல்லாம் ஒண்ணா, ஒரே ராத்திரியில விரிஞ்ச மாதிரி. ஒவ்வொரு பூவுலயும் பனித்தண்ணி. வெளிச்சம் வானத்துல இருந்து வருதா, தரையில இருந்து வருதான்னு தெரியலை. கூடையைக் கீழ வச்சுட்டு நின்னுட்டேன். அந்தக் கறுத்த பானைகளைக் காட்டினதும் இதே செடிதான், இந்த மஞ்சளைக் காட்டுறதும் இதே செடிதான்னு நினைச்சா அதுக்கு மேல எனக்கு நினைக்க முடியலை.

அந்த நேரத்துக்குத்தான் போலீஸ் கொட்டகையில படுத்திருந்த நம்ம ஊர் ஆம்பளைகளைத் திறந்து விடுவாங்க. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வரிசையா நம்ம வயல் வழியாத்தான் வீட்டுக்குப் போவாங்க. நீங்களும் அப்படித்தான் வருவீங்க. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்குவேன்.

முந்தாநாள் முன்னால வந்தவரு வரப்பு முனையில நின்னுட்டாரு. அவருக்குப் பின்னால வந்தவரும் நின்னாரு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து வரப்பு நெடுக நின்னுட்டாங்க. யாரும் யாரையும் தள்ளலை. சிவனாண்டி அண்ணன் போர்வையைத் தலையில இருந்து எறக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. மத்தவங்களும் எறக்கினாங்க. பின்னால வந்த போலீஸ்காரரும் நின்னு பார்த்தாரு. போங்கன்னு அவரும் சொல்லலை. அம்புட்டு முகத்துலயும் அந்த மஞ்ச வெளிச்சம். நம்ம ஊர் ஆம்பளைக தலை நிமிர்ந்து நின்னு ஒண்ணைப் பார்க்குறதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

சிவனாண்டி அண்ணன்தான் கடைசியில என்னையப் பார்த்துக் கேட்டாரு.

"இது நம்ம ஊருதானா தாயி?"

ஆமாண்ணேன்னு சொன்னேன்.

தை மாசம் எந்தத் தேதியில விடுறாங்கன்னு தெரிஞ்சதும் எழுதுங்க. நானும் அத்தையும் திருச்சினாப்பள்ளிக்கு வாரோம். உங்களை எந்தக் கோலத்துல பார்த்தாலும் இனி எனக்கு ஏலும்.

முந்தாநாள் மதுரைக்குப் போற பூ வண்டி வர்ற நேரம் ஆயிருச்சு. ஆனாலும் அவங்க பார்த்து முடிச்சுத் தானாக் கலைஞ்சு போற வரைக்கும் நான் ஒரு பூவைக்கூடப் பறிக்கலை.

ஒச்சாயி